ஆறு குதிரைத்திறனின் பலம்: இந்திய எஞ்சின்களில் சிலிண்டரும் முறுக்குவிசையும்

இரண்டு எஞ்சின்களை அருகருகே நிறுத்திப் பார்ப்போம்.

முதலாவது, 1983 டிசம்பர் 14 அன்று முதல் சாவி வழங்கப்பட்ட மாருதி 800 காரின் பெட்ரோல் எஞ்சின். மூன்று சிலிண்டர்கள்; 796 சி.சி. கொள்ளளவு, சுமார் 37 குதிரைத்திறன். இரண்டாவது, குஜராத் முதல் பீகார் வரை கிணற்றுமேட்டிலும் மாவுமில்லிலும் நின்று உழைத்த லிஸ்டர் வகை டீசல் எஞ்சின். ஒரே சிலிண்டர், வெறும் 6 குதிரைத்திறன். இவற்றுள் சுழலும் தண்டை அதிக வலுவோடு முறுக்குவது எது?

மாருதியின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர். லிஸ்டரின் 6 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 650 சுற்றுகளில் கிடைப்பது. அதைக் கணக்கிட்டால் முறுக்குவிசை ஏறத்தாழ 66 நியூட்டன் மீட்டர் என்று வருகிறது. ஆறு மடங்கு குதிரைத்திறன் கொண்ட மூன்று சிலிண்டர் காரைவிட, ஒற்றைச் சிலிண்டர் கொண்ட கிணற்றடி எஞ்சின் சற்றுக் கூடுதலாகவே முறுக்குகிறது.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஆனால் எஞ்சினைப் பற்றி நம்மிடையே வேரூன்றிய ஒரு நம்பிக்கையை இது அசைத்துப் பார்க்கிறது. சிலிண்டர் கூடினால் இழுவை கூடும், குறைந்தால் இழுவை குறையும் என்பதே அந்த நம்பிக்கை. 2024இல் புதிய ஸ்விஃப்ட் கார் நான்கு சிலிண்டருக்குப் பதில் மூன்று சிலிண்டர் எஞ்சினோடு வந்தபோது, வாங்குவோர் பலருக்கு எழுந்த மனக்குறையின் அடியிலும் இதுவே இருந்தது. இந்த நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் பொய் என்பதை இந்திய எஞ்சின்களின் வரலாற்றைக் கொண்டே பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

1. சூத்திரத்தில் இல்லாத எண்

முறுக்குவிசை என்பது ஒரு தண்டைத் திருப்பும் வலு. பட்டறைகளில் இதையே டார்க் என்பார்கள். ஓட்டுநர்கள் புல்லிங் என்பார்கள். குதிரைத்திறன் என்பது அந்த வலு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதன் அளவு. ஒரே முறுக்குவிசையை இருமடங்கு வேகத்தில் தந்தால் குதிரைத்திறன் இருமடங்காகும். மாருதிக்கும் லிஸ்டருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். லிஸ்டர் 650 சுற்றுகளோடு நின்றுவிடுகிறது. மாருதி எஞ்சினோ 5,000 சுற்றுகளையும் எட்டுகிறது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றின் முறுக்குவிசையை இரண்டே காரணிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்த மொத்தக் கொள்ளளவு. மற்றொன்று, பிஸ்டனை அழுத்தும் வாயுவின் பயன்படும் சராசரி அழுத்தம். இரண்டையும் பெருக்கி, பை என்னும் மாறிலியின் நான்கு மடங்கால் வகுத்தால் முறுக்குவிசை கிடைத்துவிடும். இந்தச் சூத்திரத்தில் சிலிண்டர்களின் எண்ணிக்கை எங்கும் இல்லை. ஸ்ட்ரோக்கின் நீளமும் தனியாக இல்லை.

இரண்டாவது செய்தி பலருக்கு வியப்பளிக்கும். நீண்ட ஸ்ட்ரோக் என்றால் நீண்ட நெம்புகோல், ஆகவே அதிக முறுக்குவிசை என்று சொல்வதுண்டு. ஆனால் கொள்ளளவு மாறாமல் ஸ்ட்ரோக்கை நீட்ட வேண்டுமானால் சிலிண்டரின் விட்டத்தைக் குறைத்தாக வேண்டும். விட்டம் குறைந்தால் வாயு அழுத்தும் பரப்பு குறைகிறது. நெம்புகோலில் பெற்றதைப் பரப்பில் இழக்கிறோம். நீண்ட ஸ்ட்ரோக்கின் உண்மையான விளைவு வேறு இடத்தில் இருக்கிறது. குறுகிய சிலிண்டரில் வால்வுகளும் சிறியவை. குறைந்த வேகத்தில் அவை காற்றை நன்றாக உள்ளிழுக்கும், அதிக வேகத்தில் திணறும். எனவே உச்ச முறுக்குவிசை சீக்கிரமே வந்துவிடுகிறது. அளவு கூடுவதில்லை, வரும் இடம் மாறுகிறது.

அப்படியானால் சிலிண்டர்களின் எண்ணிக்கை எதை மாற்றுகிறது? முறுக்குவிசை காலத்தில் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை மாற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஒற்றைச் சிலிண்டரில் வெடிப்புக்கும் வெடிப்புக்கும் இடையே 720 பாகை இடைவெளி. இரண்டு சிலிண்டர்களைச் சீராக வெடிக்க வைத்தால் 360, மூன்றில் 240, நான்கில் 180. ஓர் உந்துதல் நீடிப்பது அதிகபட்சம் 180 பாகைதான். ஆகவே நான்கு சிலிண்டரில்தான் ஓர் உந்துதல் முடியும் கணத்தில் அடுத்தது தொடங்குகிறது. மூன்றில் சிறு இடைவெளிகள் விழுகின்றன. ஒன்றிலோ நான்கில் மூன்று பங்கு நேரம் எஞ்சின் எதையும் தருவதில்லை. தான் தந்ததைத் தானே செலவழிக்கிறது.

இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது, கடப்பதற்கான விலையை யார் கொடுப்பது என்பதே இந்திய எஞ்சின் வரலாற்றின் முக்கியமான கேள்வி.

2. கிணற்றடியின் ஒற்றைச் சிலிண்டர்

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் உள்ள டர்ஸ்லி என்னும் சிற்றூரில் இயங்கிய லிஸ்டர் நிறுவனம், 1920களின் இறுதியில் சி.எஸ். என்னும் எஞ்சின் வரிசையை உருவாக்கியது. குளிர்ந்த நிலையிலேயே கையால் சுழற்றி இயக்கலாம் என்பதை அந்த இரண்டெழுத்துகள் குறித்தன. அதன் புகழ்பெற்ற 6 குதிரைத்திறன் வடிவத்தில் சிலிண்டரின் விட்டம் 114.3 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 139.7 மில்லிமீட்டர். கொள்ளளவு 1,433 சி.சி. இரு பக்கமும் ஆரங்கள் வைத்த கனத்த இரும்புச் சக்கரங்கள்.

இந்தச் சக்கரங்களே ஃபிளைவீல்கள். 650 சுற்றுகளில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர், நொடிக்கு ஐந்து முறைக்குச் சற்று அதிகமாகவே வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பின் வலுவையும் ஃபிளைவீல் விழுங்கிக்கொண்டு, அடுத்த வெடிப்பு வரும்வரை சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது. கூடுதல் சிலிண்டர்கள் செய்திருக்க வேண்டிய வேலையை இங்கே இரும்பின் எடை செய்கிறது. எஞ்சினின் மொத்த எடை 300 கிலோவைத் தாண்டும். காருக்கு அது பெரும் சுமை. செங்கல் மேடையில் பிணைக்கப்பட்டு, பட்டை வழியாகப் பம்பையோ எந்திரக் கல்லையோ ஓட்டும் எஞ்சினுக்கு எடை ஒரு குறையே அன்று.

லிஸ்டரின் சராசரி அழுத்தத்தைக் கணக்கிட்டால் 6 பாருக்கும் குறைவாகவே வருகிறது. மாருதி 800இல் அது 9 பாருக்கு மேல். அதாவது லிஸ்டரின் முறுக்குவிசை, பிஸ்டனை வருத்திப் பெற்றது அன்று; பெரிய கொள்ளளவால் அமைதியாகப் பெற்றது. பிஸ்டனின் சராசரி வேகமும் நொடிக்கு 3 மீட்டர் மட்டுமே. அழுத்தமும் குறைவு, வேகமும் குறைவு என்பதால் தேய்மானமும் குறைவு. தரம் குறைந்த எரிபொருளையும் அது தாங்கியது. ஊர்க் கொல்லரும் கடைசல் பட்டறைக்காரரும் அதைப் பிரித்து மாட்ட முடிந்தது. ஒரு பிஸ்டன், ஒரு இன்ஜெக்டர், இரண்டு வால்வு; பழுது எங்கே என்று தேட வேண்டிய இடங்களே சில.

சுதந்திர இந்தியாவில் இந்த வடிவம் வேர் பிடித்ததற்குக் காரணம் இதுதான். புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் 1946இல் தொடங்கப்பட்டது. சௌராஷ்டிரத்தின் ராஜ்கோட்டில் சிறுபட்டறைகள் லிஸ்டர் வடிவத்தைப் பின்பற்றி வார்த்தும் கடைந்தும் எஞ்சின்களைச் செய்தன. 1960களின் பிற்பகுதியில் பசுமைப் புரட்சி ஆழ்குழாய்க் கிணறுகளைப் பெருக்கியபோது, மின்கம்பி எட்டாத வயல்களிலும் எட்டியும் மின்சாரம் நிலைக்காத வயல்களிலும் நீர் இறைத்தவை பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்களே. டர்ஸ்லியில் உற்பத்தி நின்ற பிறகும் ராஜ்கோட்டின் வார்ப்புகள் தொடர்ந்தன. பழைய லிஸ்டரை விரும்பும் மேலைநாட்டார் அவற்றை இறக்குமதி செய்து, லிஸ்டராய்டு என்று தனிப்பெயரும் இட்டார்கள்.

கிணற்றடியில் நின்ற எஞ்சின் பின்னர் சாலைக்கும் ஏறியது. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் பம்பு எஞ்சினை மரவண்டியில் பொருத்தி ஜுகாட் என்றார்கள். சௌராஷ்டிரத்தில் மோட்டார்சைக்கிளின் முன்பாதியையும் பாரவண்டியின் பின்பாதியையும் ஒற்றைச் சிலிண்டர் டீசலால் இணைத்துச் சக்டோ என்றார்கள். குதிரைத்திறனைப் பார்த்தால் கேலிக்குரிய வண்டிகள். முறுக்குவிசையைப் பார்த்தால் பாரம் சுமக்கத் தகுதியானவை.

3. ஒன்றே பதினாறாகும் இடம்

சிலிண்டர்களின் எண்ணிக்கைக்கும் முறுக்குவிசைக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு செய்தால் அதுவும் பிழை. ஒரே அளவுள்ள சிலிண்டரைப் பலமுறை அடுக்கும்போது கொள்ளளவு கூடுகிறது, முறுக்குவிசையும் கூடுகிறது. இந்தியாவில் இதற்குச் சிறந்த சான்று ரயில்வேயில் உள்ளது.

வாரணாசியின் டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸில் உருவான முதல் எஞ்சினை 1964 ஜனவரி 3 அன்று லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் 251 வரிசை எஞ்சினைக் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 வகை அது. ஆங்கில எழுத்து வி வடிவில் இரு வரிசையாகப் பதினாறு சிலிண்டர்கள், 2,600 குதிரைத்திறன். மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.டி.எம்.-4 எஞ்சினும் இதே 251 வரிசையைச் சேர்ந்தது. சிலிண்டரின் விட்டமும் ஸ்ட்ரோக்கும் அதே அளவு: 9 அங்குலம், பத்தரை அங்குலம். எண்ணிக்கை மட்டும் ஆறு. அகலப் பாதைக்குப் பதினாறு, குறுகிய பாதைக்கு ஆறு. செங்கல் ஒன்றே; சுவரின் நீளம் வேறு.

பதினாறு சிலிண்டர்களுக்குப் பதிலாகப் பதினாறு மடங்கு பெரிய ஒரே சிலிண்டரை ஏன் செய்யவில்லை? பிஸ்டன் பெரிதாகப் பெரிதாக அதன் எடை, பரப்பைவிட வேகமாகக் கூடுகிறது. வெப்பம் வெளியேற வேண்டிய தூரமும் நீள்கிறது. அத்தகைய பிஸ்டன் 1,000 சுற்றுகளில் மேலும் கீழும் ஓடினால் தன் நிறையாலேயே எஞ்சினைச் சிதைக்கும். கப்பல்களில் மிகப் பெரிய சிலிண்டர்கள் உண்டு. அவை நிமிடத்துக்கு நூறு சுற்றளவிலேயே ஓடுகின்றன.

இந்த ரயில் எஞ்சினில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதன் பதினாறு சிலிண்டர்கள் சக்கரங்களோடு நேரடியாக இணைக்கப்படவில்லை. அவை ஒரு மின்னாக்கியைச் சுழற்றின. மின்சாரம் மோட்டார்களுக்குச் சென்றது. மோட்டார்களே சக்கரங்களை முறுக்கின. எத்தனை சிலிண்டர் இருந்தாலும், நிற்கும் எஞ்சினின் முறுக்குவிசை சுழியம். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள வண்டியை நிலையிலிருந்து இழுக்க, சுழியம் சுற்றிலேயே முழு வலுவோடு முறுக்கும் ஒன்று வேண்டும். அது மின்மோட்டார்.

4. ஒரே கொள்ளளவு, இரண்டு குணங்கள்

சாலைக்கு வருவோம். மொத்தக் கொள்ளளவு ஒன்றாகவும் வடிவம் வேறாகவும் உள்ள இரண்டு எஞ்சின்களை ஒப்பிட்டால்தான் வடிவத்தின் விளைவு தெளிவாகத் தெரியும். இந்தியச் சாலைகள் அத்தகைய ஓர் இணையை 1980களில் தந்தன.

ஒன்று புல்லட் 350. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் தேர்ந்தெடுத்த வண்டி இது. இதைத் தயாரிப்பதற்காக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை சென்னையின் திருவொற்றியூரில் எழுந்தது. ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. கொள்ளளவு 346 சி.சி. 5,625 சுற்றுகளில் 18 குதிரைத்திறன்.

மற்றொன்று ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350 வண்டியை, ஹரியானாவின் ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் தயாரித்தது. இரட்டைச் சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக். விட்டம் 64, ஸ்ட்ரோக் 54. கொள்ளளவு 347 சி.சி. முதலில் வந்த வடிவம் 6,750 சுற்றுகளில் 30.5 குதிரைத்திறன் தந்தது. எரிபொருள் சிக்கனத்துக்காகத் திறன் குறைத்து வெளிவந்த பிந்தைய வடிவம் 27 குதிரைத்திறன். இவ்விரண்டையும் மக்கள் ஹை டார்க், லோ டார்க் என்றே அழைத்தார்கள். டார்க் என்ற சொல் இந்திய இளைஞர்களின் அன்றாடப் பேச்சில் இடம்பிடித்ததில் இந்த வண்டிக்குப் பங்குண்டு.

கொள்ளளவில் ஒரே ஒரு சி.சி.தான் வேறுபாடு. தண்டு இரண்டு முறை சுற்றுவதற்குள் புல்லட் ஒருமுறை வெடிக்கிறது. ராஜ்தூத் நான்கு முறை வெடிக்கிறது. அப்படியானால் முறுக்குவிசை நான்கு மடங்கா? இல்லை. ராஜ்தூத்தின் ஒவ்வொரு சிலிண்டரும் புல்லட்டின் சிலிண்டரில் பாதியளவே. ஆகவே அழுத்தம் சமமாக இருந்திருந்தால் இருமடங்கு கிடைத்திருக்கும். உச்சத் திறன் தரும் வேகத்தில் கணக்கிட்டால் புல்லட்டில் சுமார் 23 நியூட்டன் மீட்டர், ஹை டார்க் ராஜ்தூத்தில் சுமார் 32. ஏறக்குறைய 1.4 மடங்கு. மீதி எங்கே போயிற்று? இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த வாயு வெளியேறுவதும் புதிய கலவை நுழைவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. புதியதில் ஒரு பகுதி எரியாமலேயே புகைக்குழாய் வழியாகப் போய்விடுகிறது. உந்துதலுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக்கின் பயன்படும் நீளமும் குறைகிறது.

எண்களைவிட, அவை வரும் இடம் முக்கியம். ராஜ்தூத்தின் வலு எஞ்சின் விரைந்து சுழலும்போதே விழித்தெழும். அதற்குக் கீழே அது சாதுவான வண்டி. புல்லட்டின் நீண்ட ஸ்ட்ரோக்கும் கனத்த ஃபிளைவீலும் தாழ்ந்த வேகத்திலேயே வலுவைத் தந்தன. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் கியரை மாற்றாமல் ஏறுவதற்கு எது உதவும் என்பதை ராணுவமும் காவல்துறையும் அறிந்திருந்தன. நேர்ச்சாலையில் ராஜ்தூத்தை எட்டிப் பிடிக்கப் புல்லட்டால் முடியாது. இரண்டும் உண்மையே. இரண்டும் ஒரே கொள்ளளவின் இரு வேறு பங்கீடுகள்.

ஆனால் இந்தியா இந்த இரண்டையும் பெருவாரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100தான் அடுத்த தலைமுறைகளின் போக்கைத் தீர்மானித்தது. 97 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். விட்டம் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 49.5. முறுக்குவிசையும் குறைவு, குதிரைத்திறனும் குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்னும் ஒரே கேள்வி மற்றக் கேள்விகளை ஓரங்கட்டியது.

5. பாதியாக வெட்டிய எஞ்சின்

டாட்டா நிறுவனம் 1998இல் இண்டிகா காரை அறிமுகம் செய்தது. அதன் டீசல் எஞ்சின் நான்கு சிலிண்டர், 1,405 சி.சி. சில ஆண்டுகளுக்குப் பின் அந்நிறுவனத்துக்கு, மூன்று சக்கரச் சுமை வண்டியின் விலையை நெருங்கும் நான்கு சக்கரச் சரக்கு வண்டி ஒன்று தேவைப்பட்டது.  பொறியாளர்கள் இண்டிகாவின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு, அதில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். நான்கு சிலிண்டர் இரண்டானது, 1,405 சி.சி. 702 ஆனது. 2005இல் வெளிவந்த அந்த வண்டிதான் டாட்டா ஏஸ். வட இந்தியாவில் சோட்டா ஹாத்தி, அதாவது குட்டி யானை.

இண்டிகாவின் டீசல் 85 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கியது. ஏஸின் எஞ்சின் 38 அளவு, கிட்டத்தட்ட பாதி. ரயில் எஞ்சினில் கண்ட விதியே இங்கு மறுதலையாக வேலை செய்கிறது: அதே செங்கல், பாதிச் சுவர். ஏஸின் குதிரைத்திறன் 16 மட்டுமே. ஆனால் முறுக்குவிசையின் உச்சம் 2,000 சுற்றுகளிலேயே வந்துவிடும். தாழ்ந்த கியர் அதைப் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கும். முக்கால் டன் பாரத்தோடு காய்கறிச் சந்தைக்குச் செல்ல அது போதுமானது.

இரட்டைச் சிலிண்டருக்கு ஒரு பிறவிச் சிக்கல் உண்டு. வெடிப்புகள் சீரான இடைவெளியில் வர வேண்டுமானால் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும், எஞ்சின் குலுங்கும். பிஸ்டன்களை எதிரெதிராக ஓடவிட்டால் வெடிப்புகளின் இடைவெளி ஒழுங்கற்றுப் போகும். சமன் தண்டுகளை வைத்து ஓரளவு அடக்கலாம். அதற்கும் விலை உண்டு. சரக்கு வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் அந்தக் குலுக்கல் ஒரு குறையாகவே எண்ணப்படவில்லை.

காரில் அப்படி அன்று. 2015இல் மாருதி நிறுவனம் செலெரியோ காரில் 793 சி.சி. இரட்டைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை வைத்தது. இதை மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினோடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று. கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றே. சிலிண்டர் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. முறுக்குவிசையோ 59இலிருந்து 125 நியூட்டன் மீட்டராக இருமடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. காரணம் டர்போவும் டீசலும் சேர்ந்து தந்த அழுத்தம்: 9 பாருக்குச் சற்று மேலே இருந்தது 20 பாரை நெருங்கியது. ஆயினும் அதிர்வும் இரைச்சலும் பெரிதும் விமர்சிக்கப்பட்டன. 2017இல் அந்த எஞ்சின் செலெரியோவிலிருந்து நீக்கப்பட்டது. அதே எஞ்சின் சூப்பர் கேரி என்னும் சிறு சரக்கு வண்டியில் மேலும் சில ஆண்டுகள் ஓடியது. குடும்பம் தாங்க மறுத்த குலுக்கலைச் சரக்கு வண்டி ஓட்டுநர் தாங்கிக்கொண்டார். அவருடைய விருப்பத்தை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

6. வரிச்சட்டம் வரைந்த வடிவம்

2006ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16ஆகக் குறைத்தது. சிறிய கார் எது என்பதற்கு இலக்கணமும் வகுத்தது: நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள், டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்குள். ஜி.எஸ்.டி. வந்த பின்னும் இந்த வரம்புகள் நீடித்தன. சட்டம் சிலிண்டர்களை எண்ணவில்லை, கொள்ளளவை அளந்தது. இயற்பியலும் அதையே அளக்கிறது என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

இதனால் 1,197 போன்ற எண்கள் பெருகின. 2010இல் ஸ்விஃப்டின் 1,298 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் இடத்துக்கு 1,197 சி.சி. எஞ்சின் வந்தது. மொத்தம் இவ்வளவுதான் என்று சட்டம் முடிவு செய்த பின், பொறியாளருக்கு எஞ்சிய கேள்வி ஒன்றே: இந்த 1,200ஐ நான்கு முந்நூறாகப் பங்கிடுவதா, மூன்று நானூறாகப் பங்கிடுவதா?

ஸ்விஃப்ட் இரண்டையும் செய்து பார்த்தது. 2024க்கு முந்தைய நான்கு சிலிண்டர் எஞ்சினின் விட்டம் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 71.5. புதிய மூன்று சிலிண்டர் எஞ்சினின் விட்டம் 74, ஸ்ட்ரோக் 92.8. கொள்ளளவு இரண்டிலும் 1,197 சி.சி. பழையதன் முறுக்குவிசை 113 நியூட்டன் மீட்டர். புதியதன் முறுக்குவிசை 111.7. ஒரு சிலிண்டர் போனதால் நேர்ந்த இழப்பு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

குதிரைத்திறன் மட்டும் 90இலிருந்து 82ஆகக் குறைந்தது. ஸ்ட்ரோக் நீண்டுவிட்டதால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஓட வேண்டிய தூரம் அதிகம். பழைய எஞ்சின் 6,000 சுற்றுகளில் உச்சத் திறனைத் தரும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 14 மீட்டர் அளவு. புதியது 5,700 சுற்றுகளிலேயே 17 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. மேலும் விரட்டிப் பயனில்லை. அதற்கு ஈடாகக் கிடைத்தது சிக்கனம். மூன்று பெரிய சிலிண்டர்களில், நான்கு சிறியவற்றைவிட உராயும் பகுதிகள் குறைவு. வெப்பம் கசியும் சுவர்ப்பரப்பும் குறைவு. கையால் கியர் மாற்றும் வகையில் நிறுவனம் அறிவித்த எரிபொருள் சிக்கனம் லிட்டருக்கு 22.38 கிலோமீட்டரிலிருந்து 24.8ஆக உயர்ந்தது.

ஆக, இழுவை போய்விட்டது என்று வருந்தியவர்களின் மனக்குறை, முறுக்குவிசையைப் பொறுத்தவரை ஆதாரமற்றது. ஆனால் அதை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. இழந்தது சீர்மை. 180 பாகைக்கு ஒருமுறை வந்த உந்துதல் 240 பாகைக்கு ஒருமுறை என்றானது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் உணரப்படும் மெல்லிய நடுக்கம் கற்பனை அன்று. வாங்கியவர் இழந்ததற்குத் தவறான பெயரிட்டார், இழப்பு உண்மைதான்.

7. குலுக்கலின் கணக்கு

இவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒரு படிநிலை புலப்படுகிறது. கிணற்றடிக்கு ஒன்று, சரக்கு வண்டிக்கு இரண்டு, சிறிய காருக்கு மூன்று, சற்றே வசதியான காருக்கு நான்கு, சொகுசுக் காருக்கு ஆறு. இதை வலிமையின் படிநிலை என்றே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். முறுக்குவிசையின் கணக்கில் அதற்கு இடமில்லை. கொள்ளளவையும் அழுத்தத்தையும் கொண்டு எந்தப் படியிலும் வேண்டிய வலுவைப் பெற்றுவிடலாம் என்பதை லிஸ்டரும் செலெரியோவும் காட்டிவிட்டன. இது உண்மையில் அமைதியின் படிநிலை. ஒரே அளவு வேலைக்கு யாருடைய உடல் எவ்வளவு குலுங்கலாம் என்று சமூகம் வகுத்த வரிசை.

வெடிப்புகளுக்கு இடையிலான வெறுமையை எதையேனும் கொண்டு நிரப்பியாக வேண்டும். பணம் உள்ளவர் கூடுதல் சிலிண்டரால் நிரப்பினார். இடம் உள்ளவர் இரும்பின் எடையால் நிரப்பினார். இரண்டும் இல்லாத இடத்தில், சக்டோ ஓட்டியவரின் முதுகெலும்பும் மாவுமில் நடத்தியவரின் செவிப்புலனும் அதை நிரப்பின. எஞ்சினின் விவரத்தாளில் முறுக்குவிசைக்கு ஒரு வரி உண்டு, குதிரைத்திறனுக்கு ஒரு வரி உண்டு. இதற்கு வரி கிடையாது.

இப்போது மின்சார வண்டிகள் வருகின்றன. மின்மோட்டாரில் சிலிண்டர் இல்லை, வெடிப்பு இல்லை, இடைவெளியும் இல்லை. நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை. 1964இல் வாரணாசி எஞ்சினின் சக்கரங்களுக்குக் கிடைத்த அந்த வசதி, இன்று சந்தைத் தெருவில் ஓடும் மின்-ரிக்‌ஷாவுக்கும் கிடைக்கிறது. பாரம் சுமப்பவரும் பயணம் செய்பவரும் ஒரே அளவு அமைதியைப் பெறக்கூடிய வாய்ப்பு இந்த வரலாற்றில் முதன்முறையாக எழுந்துள்ளது. பேட்டரியின் விலை வேறொரு படிநிலையை உருவாக்காமல் இருக்க வேண்டும் என்பது தனி விவாதம்.

அதற்கு முன் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களின் விளக்கக் கையேடுகள், பட்டறைக் கணக்கேடுகள், வார்ப்பு அச்சுகள் ஆகியவை பழைய இரும்போடும் பழைய தாளோடும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அரை நூற்றாண்டுக் காலம் இந்நாட்டின் தண்ணீரையும் மாவையும் தந்த தொழில்நுட்பத்தின் ஆவணங்கள் அவை. உங்கள் ஊரில், உங்கள் குடும்பத்தில் அப்படி ஏதேனும் எஞ்சியிருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு படமாவது எடுத்து வையுங்கள். அந்த எஞ்சினை ஓட்டியவர் இன்னும் இருந்தால், அவர் சொல்வதையும் எழுதி வையுங்கள்.